தெளிவுத் தண்ணீர்: தஞ்சை வயிறுகளின் வரலாறு குறித்து

கொலனோஸ்கோபி எனப்படும் பெருங்குடல் உள்நோக்குச் சோதனைக்கு முந்தைய நாள் எதைச் சாப்பிடலாம் என்று ஒரு சீட்டு கொடுக்கிறார்கள். சோறு, இட்லி கூடாது. பால், மோர், கூழ் கூடாது. இளநீர், வடிகட்டிய ரசத் தெளிவு, பால் சேர்க்காத டீ, சர்க்கரைத் தண்ணீர் குடிக்கலாம். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் ஆகாது; குடல் சுவரில் அந்த நிறம் ரத்தம் போலத் தெரியும். டம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஐம்பது வருஷம் நடவு நட்ட ஒரு மூதாட்டிக்கு இந்தச் சீட்டை நான் வாசித்துக் காட்ட வேண்டி வந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கு ஒரு சீட்டா தம்பி? பருக்கைய ஆம்பளைக்கும் புள்ளைங்களுக்கும் ஊத்திட்டு தெளிவத்தான் எங்கம்மா குடிக்கும். ஆயுசு பூரா குடிச்சிச்சு."

இந்தச் சிரிப்பை வெறும் வேடிக்கையாக ஒதுக்கிவிட முடியாது. சீட்டு ஓர் உடலை முன்னனுமானித்துக்கொண்டு பேசுகிறது. தினமும் நிறைந்திருக்கிற, ஒரே ஒரு நாள் காலியாக வேண்டிய உடல் அது. காவிரிப் படுகையின் வரலாற்றில் அப்படிப்பட்ட வயிறு எல்லோருக்கும் வாய்த்ததில்லை.

'லங்கணம் பரம ஔஷதம்' என்கிறார்கள். யார் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பட்டினி மருந்தாக வேண்டுமானால் அது அன்றாடமாக இருக்கக்கூடாது. தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்திக்கும் மருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தினார். அங்கே திரட்டப்பட்ட முறைகள் பின்னாளில் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற வரிசையாக சரசுவதி மகால் நூலக வெளியீடாக வந்தன. விளக்கெண்ணெயும் நிலாவாரையும் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. திருநெல்வேலி நிலாவாரை ஆங்கிலேயர் மருந்துப் பட்டியலிலும் ஏறியது. அதன் சத்து இன்றும் குடலைச் சுத்தம் செய்யும் மாத்திரைகளில் இருக்கிறது. இந்தச் சொல்லாடல் முழுவதும் சேர்ந்துவிட்ட வயிறு பற்றியது. சேராத வயிறு இதில் இடம்பெறுவதில்லை.

சேராத வயிற்றின் கதை வேறு இடத்தில் கிடைக்கிறது. தஞ்சையில் சோறு, கஞ்சி, நீராகாரம், வடிகஞ்சி என்பவை பண்டங்களின் பெயர் மட்டுமல்ல, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதன் பெயரும்கூட. நெல்லை விளைவித்த பண்ணையாளுக்குக் கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது; அளக்கிற மரக்கால் மிராசுதாரருடையது. கூலி குறைந்தால் கஞ்சியில் தண்ணீர் கூடும். அந்தக் கூடுதல் தண்ணீரைக் குடிசைக்குள் யார் குடித்தார் என்பதை மேலே மூதாட்டி சொல்லிவிட்டார். சாதிக்குள்ளும் வர்க்கத்துக்குள்ளும் நிற்காத ஒரு பங்கீடு இது. கடைசித் தெளிவு பெண்ணுக்கு.

ஓர் உடல் எவ்வளவு குறைவாக உண்டு வேலை செய்யும் என்பது அரசின் கேள்வியாகவும் இருந்தது. 1877இல், சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் கிடந்தபோது, ரிச்சர்ட் டெம்பிள் நிவாரண வேலைக் கூலியை நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் வாங்கும் அளவுக்குக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்தார். அந்த அளவு உழைக்கும் உடலைத் தாங்காது என்று வாதிட்டார். ஆற்றுப் பாசனத்தால் தஞ்சை அந்தப் பஞ்சத்தின் கொடுமைக்கு அதிகம் ஆளாகவில்லை. ஆனால் அரசு பஞ்சத்தில் போட்ட கணக்கைப் பண்ணைகள் நல்ல விளைச்சல் வருஷத்திலும் போட்டன.

குறைவாக ஊற்றுவதோடு நிற்கவில்லை. கட்டாயமாக ஊற்றுவதும் இருந்தது. கீழத்தஞ்சையில் வேலைக்குத் தாமதமாக வந்தவருக்கும் எதிர்த்துப் பேசியவருக்கும் சவுக்கடி. அதோடு சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். அதற்குச் 'சாணிப்பால்' என்று பெயர். பால் என்ற சொல்லை அங்கே வைத்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான்! முதுகில் விழுந்த அடி வெளியே தெரியும். இது உள்ளே இறங்கி, ஆண்டையின் அதிகாரத்தை அடிமையின் குடலுக்குள் கொண்டுபோய் வைக்கிற தண்டனை. 1943இல் பி. சீனிவாசராவ் தஞ்சைக்கு வந்து விவசாயிகள் சங்கத்தைக் கட்டியபோது முதல் கோரிக்கைகளில் ஒன்று இதை நிறுத்துவது. 1940களின் போராட்டங்களும் ஒப்பந்தங்களும் இதற்கு முடிவு கட்டின. 1952இல் தஞ்சை குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கூலி நெல்லுக்கான மோதல் ஓயவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

அடுத்த வருஷம், 1969இல், நியூயார்க்கில் வில்லியம் உல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் வளையும் கருவியைப் பெருங்குடலின் நெடுகச் செலுத்திப் பார்த்தார்கள், உள்ளிருந்த சதைமொட்டை அறுத்தெடுத்தார்கள். புற்றாக மாறக்கூடிய மொட்டை முன்கூட்டியே அகற்ற வயிற்றைக் கிழிக்கத் தேவையில்லை என்றானது. ஆனால் குடல் காலியாக இருந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்காகப் பல நாள் திரவ உணவு, பேதி, எனிமா என்று வதைபட்டார்கள். 1980இல் வந்த பாலிஎத்திலின் கிளைக்கால் உப்புக் கரைசல் அதை மாற்றியது. இந்தக் கரைசல் உடம்பில் சேராது. தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்துவைத்து அடித்துக்கொண்டு வெளியேறும். ஆகவே உடம்பில் சேருகிற தண்ணீரைத் தனியாகக் குடித்தாக வேண்டும். இளநீரும் ரசத் தெளிவும் சர்க்கரைத் தண்ணீரும் அதற்குத்தான். இதைச் சொல்லாமல் 'சாப்பிடக் கூடாது' என்று மட்டும் சொன்னால் பலர் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர் வழக்கமான அளவைப் போட்டுவிட்டு உணவை நிறுத்தினால் மயங்கி விழ நேரும். இந்த விஷயங்கள் சீட்டில் இருந்தால் போதாது, வாயால் சொல்லப்பட வேண்டும்.

இந்த இடத்தில் நம் நண்பர்கள் ஃபூக்கோவை எடுத்துக்கொண்டு வருவார்கள். மருத்துவமனையின் பிறப்பு (1963) பற்றி அவர் எழுதியதை வைத்து, உடலைக் காலி செய்து ஊடுருவிப் பார்க்கும் பார்வையும் அதிகாரம்தான் என்பார்கள். பொய்யல்ல. ஆனால் சாணிப்பாலையும் பேதிக் கரைசலையும் 'உடல் மீதான அதிகாரம்' என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டினால், இரண்டுக்கும் நடுவில் நடந்த போராட்டம் காணாமல் போய்விடும். குடிக்கச் சொல்வதும் குடிக்க வைப்பதும் ஒன்றல்ல. சொல்கிறவரிடம் ஏன் என்று கேட்கலாம், மாட்டேன் என்று எழுந்து போகலாம். இந்த 'மாட்டேன்' மருத்துவ அறம் இங்கே கொண்டுவந்து கொடுத்ததல்ல. செங்கொடியைப் பிடித்து, அடிபட்டு, சிறைபோய் வயற்காட்டில் வாங்கியது.

மூதாட்டி சிரித்து முடித்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டார். "இத குடிச்சா உள்ளுக்குள்ள என்னா பண்ணும்?" எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். "மறுபடி எப்ப சோறு திங்கலாம்?" நாளை சோதனை முடிந்து மயக்கம் தெளிந்ததும், டாக்டர் சொன்னவுடன், என்றேன். "அப்ப சரி" என்றார். பிறகுதான் குடித்தார். அவருடைய அம்மா முதல் கேள்வியை ஆண்டையிடம் கேட்டிருக்க முடியாது. இரண்டாவதற்கு யாரிடமும் பதில் இருந்திருக்காது.