கம்மாலைத் தீ

அப்பர் சுவாமிகளின் திருக்கரத்திலே விளங்கும் உழவாரப் படையைக் கண்டு கைகூப்பாத சைவர் இலர். அதனை அடித்துக் கொடுத்த கொல்லன் யாவன் என்று கேட்டாரும் இலர். நமது சரித்திர நூல்களின் போக்கும் இதுவே. அரசரின் வாளைப் பேசுவர். அது பிறந்த உலையைப் பேசார்.

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே கலப்பைக் கொழு, மண்வெட்டி, அலவாங்கு, பாளைக்கத்தி யாவும் ஊர்க் கம்மாலையிலிருந்தே வந்தன. துருத்தி ஊதவும் சம்மட்டி அடிக்கவும் பழகலாம். வித்தை முழுவதும் தோய்ச்சலிலேதான். செக்கச் சிவந்த அலகை நீரில் தோய்த்தால் வன்மை பெறும். ஆனாற் கண்ணாடிபோல் நொருங்கவுங் கூடும். ஆகவே நுனியை மாத்திரம் தோய்த்தெடுத்து, பின்புறத்தில் எஞ்சிய சூடு மெல்ல நுனிக்கு ஊர்ந்துவரக் காத்திருப்பர். மினுக்கிய விளிம்பு வைக்கோல் நிறமாகும். பின் ஊதாவாகி நீலமாகும். எந்த நிறத்தில் மீண்டும் நீரிலிடுவது என்பதைக் கொல்லன் கண்ணே தீர்மானிக்கும்.

சுண்ணக்கல் நிலமாகிய குடாநாட்டுக்கு இரும்பு வெளியிலிருந்தே வரவேண்டும். இலங்கைத் தீவுக்கோ அக்குறை இருந்ததில்லை. பலாங்கொடைப் பகுதியில், சமனலவெவ மலைச்சரிவுகளிலே, கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை எரிந்த இரும்புலைகள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. யாவும் மேற்கு நோக்கியவை. தென்மேற்குப் பருவக்காற்றே அவற்றுக்குத் துருத்தி! கில் ஜூலெஃப் என்னும் ஆய்வாளர் 1994இல் அவ்வாறே உலை கட்டி எரித்துப் பார்த்தார். நல்ல உருக்கே கிடைத்தது. 1996இல் 'நேச்சர்' சஞ்சிகை அதனை உலகுக்கு அறிவித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய இரும்பு மலிவாக வந்திறங்கவே, தாது உருக்குந் தொழில் நலிந்தது. முற்றாக மறையுமுன் அதனைக் குறித்து வைத்தவர் சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி. எஞ்சியிருந்த சிங்களத் தொழிலாளரின் முறையை 1908இல் வெளிவந்த தமது நூலிலே விரிவாக எழுதினார். அவர் எழுதியிராவிடின் அந்தக் கைப்பழக்கம் சாம்பலோடு போயிருக்கும்.

ஊர்க் கம்மாலை பின்னரும் நின்றது. லொறியின் பழைய வில்லுத் தகடு கத்தியாயிற்று. இன்று கடைக் கத்தி மலிவு. உலைகள் ஒவ்வொன்றாக அணைகின்றன. நம் கொல்லரின் தோய்ச்சல் நிறங்களைக் கேட்டு எழுதியவர் எத்தனை பேர்? இவ்விடுமுறையில் மன்றத்து இளைஞர் இருவர் கொப்பியோடு போய் முதலில் அதைக் கேட்கட்டும். கம்மாலை இருட்டாயிருக்கிறதே என்று மட்டும் முகஞ் சுளிக்க வேண்டாம். வெயிலிலே இரும்பின் சிவப்புத் தெரியாது.