கொள்ளு யாருடைய தீனி?

ஆங்கிலத்தில் கொள்ளுக்குப் பெயர் 'ஹார்ஸ் கிராம்', அதாவது குதிரைப் பயறு. கேட்டுக் கேட்டு, கொள்ளு என்றாலே குதிரைத் தீனி என்று நம் மனதிலும் பதிந்துவிட்டது. ஆனா நம்ம ஊர்ப் பெயர்களை வரிசையா எழுதிப் பாருங்க. தமிழில் கொள்ளு, நெல்லை, குமரிப் பக்கம் காணம், மலையாளத்தில் முதிர, கன்னடத்தில் ஹுருளி, தெலுங்கில் உலவலு, இந்தியில் குல்த்தி. எதிலாவது குதிரை இருக்கிறதா?

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. ஒரு வேரியபிளுக்குத் தப்பான பேர் வைத்துவிட்டால், பின்னாடி வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பேரை நம்பித்தான் மொத்தத்தையும் வாசிப்பார்கள். கொள்ளுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்பது என் வாதம்.

முதலில் காலவரிசை. தக்காணத்தில், பெல்லாரி, ராய்ச்சூர் வட்டாரங்களில், சாம்பல் மேடுகள் பல உண்டு. இவை என்ன என்று நூறு ஆண்டுக்கு மேல் சண்டை ஓடியது. 1957-இல் எஃப். ஆர். ஆல்ச்சின், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் உட்னூரில் அகழ்ந்தார். கிடைத்தவை மாட்டுப் பட்டிகளின் தடயங்களும், மண்ணில் பதிந்த குளம்படிகளும். மேடுகள் பட்டியில் குவிந்து எரிந்த சாணத்தின் சாம்பல். அதாவது தென்னகத்தின் புதிய கற்கால மக்கள் மாடு வளர்த்தவர்கள்.

அவர்கள் என்ன பயிரிட்டார்கள்? பெல்லாரிக்குப் பக்கத்தில் உள்ள சங்கனகல்லு போன்ற இடங்களின் மண்ணை நீரில் கரைத்து, மிதந்த கரிந்த விதைகளை டோரியன் ஃபுல்லர், ரவி கோரிசெட்டர் குழுவினர் ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்பக் கிடைத்தவை நான்கு: இரண்டு சிறுதானியங்கள், பாசிப்பயறு, கொள்ளு. காலம் கி.மு. மூன்றாம், இரண்டாம் ஆயிரமாண்டுகள். தெற்கில் குதிரைக்கு உறுதியான சான்றுகள் பெருகுவது அதற்குப் பிறகு, இரும்புக் காலத்தில்தான். ஆக, குதிரை வருவதற்கு முன்பே கொள்ளும் மாடும் இங்கே ஒரே ஊரில் இருந்திருக்கின்றன.

"கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடும்" என்று குதிரையைப் பற்றி நம்ம பழமொழியே இருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், குதிரையும் கொள்ளு தின்றது. ஆனால் தெற்கில் குதிரை எப்போதும் அரசனின், படையின் பிராணி. பெரும்பாலும் கடல் வழியாக வந்த சரக்கு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, இங்கே குதிரைகளுக்கு இறைச்சியும் சோறும் வேகவைத்துக் கொடுத்தார்கள் என்று எழுதுகிறார். சாதாரண மானாவாரி விவசாயியின் தொழுவத்தில் நின்றது மாடுதான்.

பெயர் மாறியது கம்பெனி காலத்தில். 'கிராம்' என்பது தானியத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. வடக்கில் அவர்கள் குதிரைக்குப் போட்டது கொண்டைக்கடலை. சென்னை மாகாணத்தில் அந்த இடத்தில் இருந்தது கொள்ளு. படைக்கணக்கு எழுதியவனுக்கு இது குதிரைக் கொட்டிலுக்கு வாங்கும் மூட்டை. அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. 1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்துவிட்ட கார்ன்வாலிஸ், முற்றுகையிடாமல் திரும்பினார். பெரிய பீரங்கிகளைத் தாமே உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். காரணம், இழுக்க மாடு இல்லை. தீனியில்லாமலும் நோயிலும் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயின. படை நகர்ந்ததே மாட்டால், பயறுக்குப் பெயர் மட்டும் குதிரைக்கு!

சரி, பெயரில் என்ன இருக்கு? இருக்கு. கொள்ளு புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கிற பயிர். மற்றப் பயிர்களுக்குப் பருவம் தப்பிப்போனாலும், செம்மண்ணிலும் சரளையிலும் ஒரு உழவு போட்டுத் தூவிவிடலாம். 100, 110 நாளில் விளையும். வேர் முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும், கொடி படர்ந்து மண்ணை மூடும். களத்தில் அடித்த பிறகு விதை ஒரு பக்கம், காய்ந்த கொடியும் பொட்டும் இன்னொரு பக்கம். சோளத்தட்டில் புரதம் மிகக் குறைவு. தட்டை மட்டும் தின்றால் மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களுக்கே நைட்ரஜன் போதாது, செரிமானம் மந்தமாகும். கொஞ்சம் கொள்ளுக்கொடி சேர்ந்தால் அந்தத் தட்டும் நன்றாகச் செரிக்கும். கோடையில் மானாவாரி ஊர் மாடு எலும்பும் தோலுமாகப் போகாமல் நின்றது இந்தக் கணக்கில்தான்.

இந்தக் கணக்கு விளைச்சல் அட்டவணையில் வராது. அங்கே ஏக்கருக்கு இத்தனை கிலோ விதை, அவ்வளவுதான். அப்படிப் பார்த்தால் கொள்ளு 'குறைந்த விளைச்சல்' பயிர். போதாததற்குக் குதிரைத் தீனி என்ற பேர் வேறு. குதிரையே போயாச்சு, அப்புறம் எதுக்கு? இன்று நகரத்தில் அது உடம்பு இளைக்கக் குடிக்கிற ரசம். கொடி என்ற பாதி யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதே செடியை 'லைக்கார்ட்' என்ற பெயரில் மாட்டுத் தீவன ரகமாக வெளியிட்டார்கள். அங்கே கொள்ளுக்குப் பழைய பெயரோ பழைய பழமொழியோ கிடையாது. செடியைப் பார்த்தார்கள், மாடு தின்னும் பகுதியை அளந்தார்கள். இங்கேயும் கொள்ளு வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன், விதையோடு சேர்த்துக் கொடியையும் எடை போட வேண்டும். அதுவரை நாம் பார்ப்பது பாதிப் பயிரைத்தான்.