சலுகை இருந்தும் முன்வந்த தோழர்: அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி)



அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும்! அவனுடைய சாந்தியும் சமாதானமும் நம் உயிரினும் மேலான அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஸஹாபாப் பெருமக்களில் ஒருவரை வீரத்திற்காகவும், மற்றொருவரை ஈகைக்காகவும், இன்னொருவரைக் கல்விக்காகவும் நாம் நினைவுகூர்கிறோம். இறைவனே சலுகை வழங்கியிருந்தும் அதற்குள் ஒதுங்கிவிடாத ஒரு தோழரை இம்மாதம் நினைவுகூர்வோம். அவர்தாம் பார்வையற்ற நபித்தோழர் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள். மதீனாவாசிகள் அவரை அப்துல்லாஹ் என்றும், இராக்வாசிகள் அம்ர் என்றும் அழைத்தனர். அவர் குறைஷிக் குலத்தவர். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் தாய்மாமன் மகன். மக்காவின் தொடக்க நாட்களிலேயே சத்தியத்தை ஏற்றவர்.

ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் இஸ்லாத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். இத்தலைவர்கள் ஏற்றுக்கொண்டால் அவர்களைச் சார்ந்தோரும் நேர்வழி பெறுவர் என்ற ஆவல் அவர்களுக்கு இருந்தது. அவ்வேளையில் இப்னு உம்மி மக்தூம் (ரலி) வந்து, தமக்கு மார்க்கத்தைக் கற்றுத்தருமாறு வேண்டினார். பேச்சு இடையில் தடைப்பட்டதால் நபியவர்களின் திருமுகம் சற்றே சுளித்தது. அப்போது ‘அபஸ’ எனும் 80-ஆவது அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் இறங்கின. தூய்மை நாடி இறையச்சத்தோடு வந்தவரை விட்டுவிட்டு, தேவையற்றவராகத் தம்மைக் கருதுவோரின் பக்கம் கவனம் செலுத்தியதை அல்லாஹ் அவ்வசனங்களில் கண்டித்தான்.

வாசகர்களே, இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். வந்தவரோ பார்வையற்றவர். அம்முகச்சுளிப்பை அவர் கண்டிருக்கவே முடியாது. அவர் அறியாத ஒன்றுக்காக அவர் சார்பில் வானத்திலிருந்து வஹீ இறங்கியது! அவ்வசனங்களை மறைக்காமல் மக்களுக்கு ஓதிக்காட்டியவர்களும் நபி (ஸல்) அவர்களே. உலகம் ஒதுக்கிவைக்கும் ஓர் எளிய மனிதரின் கண்ணியம் இறைவனிடத்தில் எத்தகையது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

அதன்பின் அவருக்குக் கிடைத்தது வெறும் அனுதாபமன்று, பொறுப்பு. ஹிஜ்ரத்திற்கு முன்பே முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களோடு மதீனா சென்று, அம்மக்களுக்குத் திருக்குர்ஆனைக் கற்பித்தவர் அவர். முஹாஜிர்களில் தங்களிடம் முதன்முதலாக வந்தவர்கள் இவ்விருவருமே என்று பராஉ (ரலி) அறிவிக்கின்றார்.

மஸ்ஜிதுந் நபவியில் பிலால் (ரலி) அவர்களோடு அவரும் முஅத்தினாக நியமிக்கப்பட்டார். பிலால் இரவிலேயே பாங்கு சொல்வார். ஆகவே இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணலாம், பருகலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருந்தார்கள். விடியலை அவர் காண இயலாது. காலை புலர்ந்துவிட்டது என மக்கள் சொன்ன பின்னரே அவர் பாங்கு சொல்வார். மக்கள் அவருக்குக் கண்ணாக இருந்தனர். அவர் மக்களுக்குக் குரலாக இருந்தார். மதீனாவின் சஹர் நேரம் ஒரு பார்வையற்றவரின் குரலைக்கொண்டு முடிவுற்றது!

நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் தமது பிரதிநிதியாகவும் அவரை நியமித்து, மக்களுக்குத் தொழுகை நடத்தச் செய்தார்கள். இரண்டு முறை அவ்வாறு நியமித்தார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கின்றார். 13 முறை என்று கூறும் வரலாற்றாசிரியர்களும் உண்டு.

ஜமாஅத் தொழுகைக்கு வராமலிருக்க அவர் ஒருமுறை அனுமதி கேட்டார். தம் வீடு தொலைவில் உள்ளது, வழிகாட்டி அழைத்துவரத் தக்க ஆள் இல்லை என்றார். பாங்கோசை செவியில் விழுகிறதா என நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஆம் என்றதும், அவ்வழைப்புக்குப் பதிலளிக்குமாறு பணித்தார்கள். தக்க காரணமுள்ளோர்க்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. பார்வை குன்றிய இத்பான் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்காக நபியவர்களே அவருடைய வீட்டிற்குச் சென்று தொழுது, தொழுமிடத்தை அமைத்துக் கொடுத்தார்கள். ஆயினும் இப்னு உம்மி மக்தூமுக்கு உயர்ந்த படித்தரமே காட்டப்பட்டது.

அறப்போருக்குச் செல்வோரும் வீட்டில் தங்கிவிடுவோரும் சமமாக மாட்டார்கள் என்ற கருத்துடைய வசனம் இறங்கியபோது, தம்மால் இயலுமானால் தாமும் போரிட்டிருப்பேனே என்று அவர் ஏங்கி முறையிட்டார். உடனே, இயலாமை உடையோரைத் தவிர என்ற விதிவிலக்கு அருளப்பெற்றது. அந்நிஸா அத்தியாயத்தின் 95-ஆம் வசனத்தில் மறுமைநாள்வரை ஓதப்படும் அந்தச் சலுகைக்குக் காரணமாக அமைந்தது அவருடைய ஏக்கமே!

அச்சலுகையைப் பெற்றபின் அவர் வீட்டில் அமர்ந்துவிட்டாரா? இல்லை. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், கி.பி. 636-ஆம் ஆண்டளவில், பாரசீகப் பேரரசை எதிர்த்து இராக்கில் காதிஸிய்யாப் போர் நிகழ்ந்தது. அன்று அவர் கவசம் அணிந்து, கரிய கொடியை ஏந்தி நின்றதைத் தாம் கண்டதாக அனஸ் (ரலி) கூறுகின்றார். அப்போர்க்களத்திலேயே ஷஹீதானார் என்றும், மதீனா திரும்பியபின் மரணமடைந்தார் என்றும் இருவகைக் கூற்றுகள் உள்ளன.

அன்பிற்குரியவர்களே! இவ்வரலாறு நம்மிடம் இரண்டு வினாக்களைத் தொடுக்கிறது.

கண்ணொளியும் கால்வலிமையும் பெற்றிருக்கிறோம். ஒலிபெருக்கியின் பாங்கோசை வீட்டுக்குள்ளேயே வந்து சேர்கிறது. நாம் சொல்லும் சாக்குப்போக்குகள் அந்தப் பார்வையற்ற தோழரின் முன் நிற்குமா?

அடுத்து, ஜும்ஆ நாளில் நம் பள்ளிவாசலின் வாயிலை எண்ணிப்பாருங்கள். பார்வையற்ற சகோதரரை அங்கே கையேந்தி நிற்கும் நிலையிலேயே கண்டு பழகிவிட்டோம். ஒரு நாணயத்தை இட்டவுடன் கடமை தீர்ந்ததாக எண்ணுகிறோம். நபி (ஸல்) அவர்களோ அத்தகைய ஒருவரைப் பாங்கு சொல்லும் இடத்திலும், இமாமத்தின் இடத்திலும் நிறுத்தினார்கள். சக்கர நாற்காலி ஏறிவரச் சாய்தளம், தடுமாறாமல் ஒளூச் செய்ய ஓர் இடம், பார்வையற்ற சிறுவர்க்கு மதரஸாவில் பிரெயில் குர்ஆன் — இவை நம் மஹல்லாக்களால் இயலாதவையா? ஆற்றலுள்ளோர்க்கு ஜமாஅத்தின் பொறுப்பை ஒப்படைக்க நாம் தயங்குவது ஏன்?

சலுகைக்குள் ஒளிந்துகொள்ளாத உறுதியையும், எளியோரின் கண்ணியத்தைப் பேணும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.