சேஸிஸ் கம்பெனியோடது, பாடி நம்ம ஊரோடது

பாதி செஞ்ச பொருளை முழுசா காசு குடுத்து வாங்குவோமா? கால் இல்லாத கட்டில், துணி போடாத குடை... சிரிச்சுட்டுப் போயிடுவோம். ஆனா லாரி விஷயத்துல நம்மாளுங்க பல வருஷமா அதைத்தான் பண்ணிட்டு இருந்தாங்க. கம்பெனி குடுக்கறது இன்ஜின், சக்கரம், ரெண்டு நீள இரும்புச் சட்டம், அவ்ளோதான். மிச்ச வண்டியைக் கட்டுறது உள்ளூர்ப் பட்டறை.

எங்க வேப்பனப்பள்ளிப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு இது புதுசில்ல. அசோக் லேலண்டோட ஓசூர் தொழிற்சாலை 1980ல வந்தது. நான் சின்னப் பையனா இருந்தப்ப கிருஷ்ணகிரி ரோட்டுல மொட்டை சேஸிஸ் வரிசையாப் போகும். கேபின் கிடையாது, கதவு கிடையாது, மேலே கூரை கிடையாது. ஒரு சீட்டு, அதுல தலையைச் சுத்தித் துண்டு கட்டின ஒரு டிரைவர். வெயிலோ மழையோ, பட்டறை வர்ற வரைக்கும் அப்படியேதான் ஓட்டிட்டுப் போகணும்.

இந்தப் பழக்கத்தை நாம கண்டுபிடிக்கல. 1917ல ஃபோர்டு கம்பெனி மாடல் டிடின்னு ஒரு டன் லாரி கொண்டு வந்தப்பவே, ஆரம்பத்துல வெறும் சேஸிஸாத்தான் வித்தாங்க. குதிரை வண்டி கட்டின தச்சர்கள் அதுக்கு மேல பாடி கட்டினாங்க. தொழிற்சாலையிலேயே பின்னாடி தொட்டி வச்ச பிக்கப்பை ஃபோர்டு வித்தது 1925ல, விலை 281 டாலர். அதுக்கப்புறமும் அமெரிக்க விவசாயி சும்மா இருக்கல. தொட்டியைக் கழட்டிட்டு, தானே வெல்டிங் வச்சு, மட்டமான தளமும் கனமான பம்பரும் போட்டுக்கறது அங்க இன்னிக்கும் ஒரு வீட்டுக் கலை.

நம்ம கதைக்கு வருவோம். சென்னையில அசோக் மோட்டார்ஸ் ஆரம்பிச்சது 1948. லேலண்ட் சேர்ந்து, 1955ல அசோக் லேலண்ட்னு பேர் மாறுச்சு. வடக்கே டெல்கோ, டைம்லர் பென்ஸோட கூட்டு சேர்ந்து 1954ல லாரி பண்ண ஆரம்பிச்சுது. சேஸிஸ் வந்துக்கிட்டே இருந்தது, பாடி கட்ட ஆள் வேணும். இந்த இடைவெளியில வளர்ந்ததுதான் நம்ம கொங்கு ஊர்களோட பட்டறைத் தொழில். பஸ் பாடின்னா கரூர், லாரி பாடின்னா நாமக்கல். திருச்செங்கோட்டுக்காரங்க இன்னும் ஒரு படி மேல போய், லாரி சேஸிஸ் மேல போர்வெல் ரிக்கையே ஏத்தி, நாடு பூரா கிணறு தோண்டப் போயிட்டாங்க. எங்க பொட்டி தட்டுற பாஷையில சொன்னா, சேஸிஸ்தான் ஆபரேட்டிங் சிஸ்டம், பாடி அப்ளிகேஷன் :)

ஏன் கம்பெனியே எல்லாத்தையும் கட்டித் தரல? காரணம் சுமை. எங்க ஊரையே எடுத்துக்கங்க. கூழ் தொழிற்சாலைக்குப் போற பெங்களூரா மாம்பழம், கிரேட்ல அடுக்கற தக்காளி, குவாரியில இருந்து வர்ற கிரானைட். கிரேட் உயரமாப் போகும், அதுக்குப் பக்கவாட்டுல உயரமான கம்பியடைப்பு வேணும். கல் கொஞ்ச இடத்துலயே மொத்த எடையையும் வச்சு அழுத்தும், அதுக்குத் தளம் கெட்டியா இருக்கணும், அடைப்பு பேருக்கு இருந்தாப் போதும். ஒரே சேஸிஸ், ரெண்டு விதமான வண்டி. இந்த வித்தியாசம் எங்கியோ உக்காந்து டிசைன் போடறவரை விட பட்டறைக்காரருக்கு நல்லாத் தெரியும், ஏன்னா உடைஞ்சா வண்டி அவர்கிட்டதான் திரும்பி வரும்.

தளம் கட்டுறதுலயும் சூட்சுமம் இருக்கு. சேஸிஸ் சட்டம் மேடு பள்ளத்துல லேசா முறுக்கிக் கொடுக்கணும். அதனால நல்ல பட்டறையில பாடியை நேரா அதுமேல வெல்டிங் வைக்க மாட்டாங்க. நடுவுல மரப்பட்டையோ ரப்பரோ குடுத்து, யூ போல்ட் போட்டு இறுக்குவாங்க. வெல்டிங் சூடு சட்டத்தோட பலத்தைக் கெடுக்கும், விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். அடுத்தது நீளம். "இன்னும் ஒரு அடி இழுத்து விடுங்கண்ணே"ன்னு கேக்காத ஓனர் உண்டா? பின் அச்சுக்கு அந்தப் பக்கம் பாரம் கூடினா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி விட்டுடும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல உள்ள தூரத்துல 60 சதவீதத்துக்கு மேல பின்னாடி நீளக்கூடாதுன்னு சட்டம் சொல்றது சும்மா இல்ல. அப்புறம் எடை. பாடியில ஏத்துற ஒவ்வொரு கிலோவும் சரக்குல இருந்து கழியற கிலோ.

காட்சி மாறினது 2005ல. டாடா ஏஸ் வந்தது, சின்ன யானைன்னு செல்லப் பேரு. 2011ல ஓசூர்ல இருந்தே லேலண்ட் தோஸ்த் வந்தது, ஒண்ணேகால் டன் தாங்கும். தொட்டியோடவே வாங்கிட்டு வந்து மறுநாளே லோடு அடிக்கலாம். சின்ன வண்டிக்கு முழு பாடி கட்டுற வேலை பட்டறைக்குக் குறைஞ்சது. மிச்சம் இருந்தது என்ன? அடைப்பை உயர்த்தறது, கேரியர் வைக்கறது, முக்கியமா முன்னாடி ஒரு முரட்டு பம்பர் மாட்டறது.

இங்கதான் எனக்கு ஒரு கருத்து இருக்கு. தொட்டியும் பம்பரும் ஒரே பட்டறையில, ஒரே வெல்டிங் ராடுல உருவாகுது. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. தொட்டி சரியில்லன்னா நஷ்டம் ஓனருக்கு. பம்பர் சரியில்லன்னா அடி வாங்கறது எதிர்ல வர்றவன். வண்டியோட முகப்பு மோதும்போது நசுங்கணும், அப்பதான் அதிர்ச்சி குறையும். அதுக்கு முன்னால நசுங்காத இரும்பை வச்சா, அடி அப்படியே சேஸிஸுக்கும் உள்ள இருக்கறவங்களுக்கும் போகும். ரோட்டுல நடந்து போறவர் நிலைமையைச் சொல்லவே வேணாம். ஏர்பேக் இருக்கற வண்டியில அது விரியற நேரமும் கெடும். 2017 டிசம்பர்ல மத்திய அமைச்சகம் இந்த மாதிரி பம்பர்களை எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதினது இதனாலதான். 2019 ஜனவரியில, கம்பெனி குடுத்த அடிப்படை வடிவத்தை மாத்தக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு.

வேடிக்கை என்னன்னா, பின்னாடி வேணும்னு சட்டம் கேக்கற தடுப்பை மாட்டத்தான் நம்மாளுங்க சுணங்குவாங்க. நிக்கிற லாரிக்கு அடியில கார் புகுந்துடாம தாழ்வா இருக்கற குறுக்குச் சட்டம் அது. பேருக்கு ஒரு ஆங்கிள் வச்சு, கறுப்பு மஞ்சள் பெயின்ட் அடிச்சு எஃப்சிக்கு நிறுத்தின வண்டிகளை நானே பாத்திருக்கேன். முன்னாடி கெத்துக்கு அவ்வளவு இரும்பு, பின்னாடி உயிருக்கு இவ்வளவுதான்.

பட்டறைகள் மூடிப் போகணும்னு நான் சொல்ல வரல. லாரி பாடிக்கு ஏஐஎஸ் 093, பஸ்ஸுக்கு ஏஐஎஸ் 052ன்னு இப்ப தனி விதிகள் இருக்கு. அதைப் படிச்சுக் கட்டத் தெரிஞ்ச பட்டறை நிக்கும். 2025 அக்டோபர்ல இருந்து தயாராகற பெரிய லாரி கேபின்ல ஏசி கட்டாயம். துண்டு கட்டி மொட்டை சேஸிஸ் ஓட்டின தலைமுறையை நெனச்சா, டிரைவரும் வண்டியில ஒரு பாகம்னு சட்டத்துக்குப் புரிய இவ்வளவு வருஷம் ஆகியிருக்கு.

ஆக, தளத்தை உங்க சுமைக்குத் தகுந்த மாதிரி கட்டிக்கங்க மக்களே. பம்பரை மட்டும் அடுத்தவனை நெனச்சுக் கட்டுங்க.

பி.கு: உங்க ஊர்ப் பட்டறையில பாடி பாகங்களுக்கு என்னென்ன பேர் சொல்றாங்க? எங்க பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்து வரும். பின்னூட்டத்துல போடுங்க, சேத்து வைக்கலாம்.