அத்துமீறிய பாலகன்

நிலம் உடையவனுக்கு உரிமை உண்டு, ஒப்புகிறோம். வேலி தாண்டி நுழைவது முறையன்று, அதையும் ஒப்புகிறோம். தாண்டியவன் நான்கே வயதுப் பாலகன் என்றால்? அவன் உயிரே போய்விட்டது என்றால்? பிரிட்டனின் பிரபுக்கள் சபை இதற்கு அளித்த விடையை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் ஆடி கம்பெனியின் நிலக்கரிச் சுரங்கம். அதையொட்டி ஒரு திடல். சுற்றிலும் வேலி என்று பெயர். வேலியிலோ வழிகள் பல! திடலில் இழுவை எந்திரத்தின் இரும்புவடம் பெரிய சக்கரமொன்றைச் சுற்றி ஓடும். எந்திரத்தை முடுக்குவோர் நின்ற இடத்திலிருந்து அந்தச் சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் அங்கே விளையாட வருவர். கம்பெனி ஆட்கள் விரட்டுவர். பிள்ளைகள் மீண்டும் வருவர். ஒருநாள் சக்கரம் சுழன்றது. பாலகன் நசுங்கி மாண்டான்.

தந்தை வழக்காடினார், ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் வென்றார். கம்பெனி விடவில்லை. பிரபுக்கள் சபைக்குச் சென்றது. 1929ஆம் ஆண்டு வெற்றியும் பெற்றது! ஹெயில்ஷாம் பிரபு விளக்கினார்: நிலத்துக்குள் வருவோர் மூவகையினர். அழைக்கப்பட்டு வருபவன், அனுமதியோடு வருபவன், அத்துமீறி வருபவன். மூன்றாமவனைக் காக்க நிலக்காரனுக்குக் கடமையில்லை. வேண்டுமென்றே தீங்கிழைத்தாலோ, அவன் அங்கிருப்பது தெரிந்தும் துணிந்து அலட்சியம் செய்தாலோதான் பொறுப்பு.

நாள்தோறும் பிள்ளைகளோடு பழகும் ஆசிரியர்கள் நாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டவே வராது. அவனுக்குச் சொத்துரிமையின் எல்லை விளங்குமாம்! சுழலும் சக்கரத்தைக் கண்டால் ஓடிச்சென்று தொடுவதுதான் அவன் அறிந்த சட்டம். இதைக் கம்பெனி அறியாதா?

அமெரிக்க உச்சநீதிமன்றம் 1873லேயே இதை உணர்ந்திருந்தது. நெப்ராஸ்காவில் இரயில் எஞ்சினைத் திருப்பும் சுழல்மேடை பூட்டின்றிக் கிடந்தது. அதில் விளையாடிய ஆறு வயதுச் சிறுவன் கால் நசுங்கியது. 7,500 டாலர் இழப்பீட்டை நீதிமன்றம் உறுதி செய்தது. ஆயினும் அங்கும் சறுக்கல் உண்டு. கான்சஸில் அமிலம் கலந்த குட்டையில் இறங்கி இரு சிறுவர்கள் மாண்ட வழக்கில், 1922இல் அதே நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது.

இங்கிலாந்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டுச் சட்டம் முதலிரு வகையினரை ஒன்றாக்கியது; அத்துமீறுபவனைத் தொடவில்லை. 1965இல் இலண்டனையொட்டிய மிச்சத்தில், ஆறு வயதுச் சிறுவன் மின்தண்டவாளத்தில் பட்டுக் கருகினான். காவல் நின்ற கம்பிவேலி மிதிபட்டுப் பத்து அங்குல உயரத்துக்குத் தாழ்ந்திருந்தது. பிள்ளைகள் தண்டவாளத்தில் நடமாடுவதாக ஸ்டேஷன் மாஸ்டருக்கு வாரங்களுக்கு முன்பே தகவல் வந்திருந்தது, வேலிதான் செப்பனிடப்படவில்லை.

தன் பழைய தீர்ப்பிலிருந்து விலகும் உரிமையைப் பிரபுக்கள் சபை 1966இல்தான் எடுத்துக்கொண்டது. 1972இல் அது கைகொடுத்தது: ஐந்து நீதிபதிகளும் சிறுவன் பக்கம் நின்றனர். மனிதத்தன்மை வேண்டும் அளவுக்கேனும் அத்துமீறுபவனையும் காக்க வேண்டும் என்றனர். நிலக்காரனின் அறிவும் வசதியும் பார்த்தே அக்கடமை அளக்கப்படும். செல்வம் மிக்க இரயில்வேயிடம் கேட்பதை ஏழைக் குடியானவனிடம் கேட்கவில்லை. நமக்குப் பிடித்த பகுதி இதுவே.

பாலகனைப் பறிகொடுத்த ஸ்காட்லாந்து 1960லேயே தனிச்சட்டத்தால் திருந்திவிட்டது. இங்கிலாந்துச் சட்டப் புத்தகத்தில் அத்துமீறுபவனுக்கு இடம் கிடைக்க 1984 ஆயிற்று.