இலக்குவனும் லக்சமானாவும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தோட்டங்களில் லட்சுமணன் என்பது நன்கு பழகிய பெயர். அதே பெயர் மலாய் மொழியில் ஒரு பதவி. லக்சமானா என்றால் கடற்படைத் தளபதி.

வடமொழியின் 'லக்ஷ்மண' மூன்று மெய்களை ஒன்றாக இறுக்கிக் கட்டிய சொல். தமிழ் அதன் நடுவே உகரத்தைச் செருகி இலக்குமணன் என்றது; கம்பனிடம் அவன் இலக்குவன். மலாய் அகரத்தைச் செருகியது. நம்முடைய 'ன்' ஈறு அங்கே ஒட்டவில்லை. கப்பலும் கடையும் நம்மிடமிருந்து மலாய்க்குப் போன சொற்கள். லக்சமானாவையும் அந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் துணிவில்லை.

தளபதிக்கு ராமன் பெயரை வைக்காமல் தம்பியின் பெயரை வைத்தது ஏன்? ராமன் அரசன். தம்பியோ வில்லேந்திக் காவல் நின்றவன், அரியணையை நினையாதவன். காரணம் இதுவே என்பது என் எண்ணம். ஆனால் பதவி அவ்வளவு அடக்கமானதாக இருக்கவில்லை. பழைய மலாக்கா சுல்தான் ஆட்சியில் பெண்டாஹாரா, தெமெங்கோங், பெங்ஹுலு பெண்டாஹாரி ஆகியோருடன் லக்சமானாவும் நான்கு பேரமைச்சர்களில் ஒருவர். புகழ்பெற்ற லக்சமானாவான ஹங் துவாவை அவர் பெயரிலான காவியம் கெலிங் நாட்டுக்கு, அதாவது தென்னிந்தியாவுக்கு, தூதராகவும் அனுப்புகிறது. வாளும் அரசியலும் ஒரே கையில் இருந்தன. பேராக்கில் 1875இல் ஆங்கிலேய ஆட்சி ஆலோசகரான ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டபின், அம்மாநில லக்சமானாவை ஆங்கிலேயர் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினர். அவர் வெறும் படைவீரராக இருந்திருந்தால் அவ்வளவு தூரம் அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இன்றைய மலேசியக் கடற்படையில் லக்சமானா, லக்சமானா மாட்யா, லக்சமானா மூடா, லக்சமானா பெர்தாமா என்று நான்கு படிகள். மாட்யா நம் மத்தியம், பெர்தாமா பிரதமம். அமைச்சுப் பொறுப்பு கழன்று, படைத்தரம் மட்டும் பெயரில் மிஞ்சியது. இந்தக் கழற்றலைத்தான் இச்சொல்லின் வரலாற்றில் மிக மதிப்புள்ள திருப்பமாகக் கருதுகிறேன்.

1967இல் அந்தக் கடற்படையின் முதல் மலேசியத் தலைவராக அமர்ந்தவர் ஒரு தமிழர், கே. தனபாலசிங்கம். வயது 31. பின்னர் லக்சமானா மூடா ஆனார். அப்போது பிரதமர் கெடா அரச குடும்பத்தில், அலோர்ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரகுமான். ஆயுதப்படைத் தலைவர் அதே கெடா அரச குடும்பத்தைச் சேர்ந்த, அவருடைய உறவினர் ஜெனரல் துங்கு ஒஸ்மான் ஜீவா. ஆட்சியும் படையும் ஒரே குடும்பத்தின் கையில் இருந்தன.

1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பின் நாடாளுமன்றம் முடங்கி, தேசிய நடவடிக்கை மன்றம் ஆண்டது. துணைப் பிரதமர் துன் ரசாக் அதன் இயக்குநர். துன் சம்பந்தன் போன்ற அரசியல் தலைவர்களோடு ஆயுதப்படைத் தலைவரும் போலீஸ் படைத்தலைவரும் அதில் அமர்ந்தனர். பழைய மலாக்காவின் அவை திரும்பியது போன்ற நேரம் அது. படை நினைத்திருந்தால் அந்த நாற்காலியிலேயே தங்கியிருக்கலாம். தங்கவில்லை. பிரதமர் துங்குவிடமிருந்து ஆட்சி துன் ரசாக்குக்குப் போனது, ஜெனரல்களுக்கு அல்ல. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மீண்டும் கூடியது.

கெடாவின் வட எல்லையில் புக்கிட் காயு ஹீத்தாமைத் தாண்டினால் தாய்லாந்து. அங்கே 2006இலும் 2014இலும் தளபதிகள் ஆட்சியைப் பறித்தனர். 2014இல் பறித்தவரே பிரதமராகவும் அமர்ந்தார். எல்லைக்கு இந்தப் பக்கம் 2018 வரை ஒரே கூட்டணிதான் ஆண்டது. எதிர்க்கட்சிகளுக்கு அது கடினமான காலம். அப்போதும் லக்சமானா எவரும் அரியணை கேட்கவில்லை.