மையவிலக்குப் பம்பின் கணினி மாதிரியாக்கம்

பம்புக்குள் தண்ணீர் ஓடும் விதத்தை இயற்பியல் சமன்பாடுகளாக எழுதி, அவற்றைக் கணினியில் தீர்த்து, பம்பை வார்த்தெடுக்கும் முன்பே அது எவ்வளவு நீரை எவ்வளவு உயரம் ஏற்றும், அதற்கு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று மதிப்பிடும் முறை. கணினிவழிப் பாய்ம இயக்கவியல் என்னும் துறையின் ஒரு கிளை இது. கோவைப் பட்டறைகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் சி.எஃப்.டி. என்றால்தான் புரியும். வானிலைக் கணிப்புக்கும் விமான இறக்கை வடிவமைப்புக்கும் பயன்படும் அதே சமன்பாடுகள்தாம் இங்கும் வேலை செய்கின்றன.

கோவைப் பின்னணி

கோவையின் பம்புத் தொழில் நூற்பாலைகளின் தயவில் பிறந்தது. ஆலை எந்திரங்களின் உதிரிபாகங்களை வார்க்கவும் கடையவும் ஏற்பட்ட ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும், 1930களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்தபின், கிணற்றுக்கு வேண்டிய பம்புக்கும் மோட்டாருக்கும் திரும்பின. 1937இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கிய மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று குறிப்பிடப்படுகிறது. 1952இல் தென்னிந்தியப் பொறியியல் உற்பத்தியாளர் சங்கமான சீமா கோவையில் தொடங்கப்பட்டது. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951இலும், அவினாசி சாலையில் கோயம்புத்தூர் தொழில்நுட்பக் கழகம் 1956இலும் வந்தன. 1981இல் கோவை மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்த சிங்காநல்லூர், அதை ஒட்டிய ஒண்டிப்புதூர், பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி என இந்தக் கிழக்கு, வடக்குப் பகுதிகளின் தெருக்களில் நீரைச் சுழற்றித் தள்ளும் இம்பெல்லரைக் கடைபவர், ஷாஃப்ட் திருப்புபவர், மோட்டாருக்குக் காயில் கட்டுபவர் என்று தனித்தனி வேலை செய்யும் சிறு பட்டறைகள் பெருகின. நாட்டில் விற்கும் பம்புகளில் ஏறத்தாழப் பாதி கோவையில் செய்தவை என்று தொழில்துறையினர் சொல்வது வழக்கம்.

தொடக்ககாலப் பட்டறையில் வடிவமைப்பு என்பது, நன்றாக ஓடும் ஒரு பம்பைப் பிரித்து அளவெடுத்து, பேட்டர்ன் ஆசாரியிடம் கொடுத்து மரத்தில் செதுக்கி வாங்குவது. இதைக் காப்பியடித்தல் என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. இம்பெல்லரைக் கொஞ்சம் கடைந்து விட்டத்தைக் குறைத்தால் ஹெட், அதாவது நீர் ஏறும் உயரம், எவ்வளவு குறையும் என்பது அனுபவமுள்ள டர்னருக்குத் தெரியும். பாடநூல்கள் அதையே ஒப்புமை விதிகள் என்கின்றன. அவற்றின்படி, சுழற்சி வேகம் மாறினால் நீரின் அளவு அதே விகிதத்திலும், ஹெட் அதன் இருமடியிலும், தேவைப்படும் திறன் அதன் மும்மடியிலும் மாறும். கணினி வரும்முன் கோவையில் புழங்கிய மாதிரி இதுதான். இன்றும் முதல் மதிப்பீட்டுக்கு இதைவிட விரைவானது வேறில்லை.

உறிஞ்சலின் வரம்பு

கொங்கு நாட்டில் பம்பின் வடிவத்தைத் தீர்மானித்தது நீர்மட்டம். தரைமேல் வைத்த பம்பு தண்ணீரைத் தானே இழுப்பதில்லை. காற்றழுத்தம்தான் நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 411 மீட்டர் உயரத்திலுள்ள கோவையில் அந்த அழுத்தம் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீரைத்தான் தாங்கும். குழாய் உராய்வும் நீரின் ஆவியழுத்தமும் போக, நடைமுறையில் ஆறேழு மீட்டர்தான் மிஞ்சும். அதற்குமேல் இழுக்க முயன்றால் இம்பெல்லரின் வாயில் அழுத்தம் வீழ்ந்து, சாதாரண வெப்பநிலையிலேயே நீர் கொதித்துக் குமிழிகளாகும். அக்குமிழிகள் அழுத்தம் மிகுந்த இடத்துக்குப் போய் உடைகையில் உலோகத்தை அரித்துக் குழிகளாக்கும். கேவிட்டேஷன் என்பது இதுதான். பம்புக்குள் கூழாங்கல் உருளுவதுபோலக் கேட்கும் சத்தத்தை வைத்தே மெக்கானிக் அதைக் கண்டுகொள்வார். நீர்மட்டம் இறங்க இறங்கக் கிணற்றின் உட்சுவரில் மேடை வெட்டிப் பம்பைக் கீழே இறக்கியதும், பிறகு பம்பையும் மோட்டாரையும் ஒன்றாகத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கவைக்கும் சப்மெர்சிபிள் வந்ததும் இந்தக் காரணத்தால்தான். கொங்குப் பாறை நிலத்தில் இன்று ஆயிரம் அடி ஆழ்துளைப் போர் சாதாரணம்.

சமன்பாடுகள்

பம்புக் கோட்பாட்டின் தொடக்கம் 1750களில் லியோன்ஹார்டு ஆய்லர் எழுதிய சுழல்பொறிச் சமன்பாடு. இம்பெல்லர் விளிம்பின் வேகத்தை, அங்கிருந்து வெளியேறும் நீரின் சுற்றுத்திசை வேகத்தால் பெருக்கிப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் கிடைப்பது கோட்பாட்டு ஹெட். 105 மி.மீ. விட்டமுள்ள இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,880 முறை சுழன்றால் விளிம்பின் வேகம் நொடிக்கு 15.8 மீட்டர். நீரும் அதே வேகத்தில் சுற்றினால் 25 மீட்டருக்குச் சற்று அதிகமான ஹெட் கிடைக்க வேண்டும். ஆனால் நீர் இம்பெல்லரின் இலைகளுக்குப் பின்தங்கி வழுக்குகிறது, சுவரில் உராய்கிறது, திருப்பங்களில் சுழல்கிறது. கைக்கு வருவது ஏறத்தாழப் பாதி. மற்ற பாதி எங்கே, எப்படிப் போகிறது என்பதை ஆய்லரின் சமன்பாடு சொல்லாது. கணினி மாதிரியின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அந்த இழப்புகளை உள்ளடக்கிய முழுச் சமன்பாடுகளை நேவியர் 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் தந்தனர். நியூட்டனின் இரண்டாம் விதியைப் பாகுநிலையுள்ள நீர்மத்துக்கு எழுதினால் கிடைப்பவை அவை. முப்பரிமாணத்தில் அவற்றுக்கு எப்போதும் ஒழுங்கான தீர்வு உண்டா என்ற கேள்விக்கு கிளே கணிதக் கழகம் 2000இல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. பரிசு இன்னும் யாருக்கும் போகவில்லை. கணிதர்கள் இப்படித் திகைத்து நிற்க, பொறியாளர்கள் அதே சமன்பாடுகளை நாள்தோறும் தோராயமாகத் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தொல்லை கொந்தளிப்பில் இருக்கிறது. குழாய் ஓட்டம் சீரானதா கொந்தளிப்பானதா என்பதை ஒற்றை எண்ணால் பிரிக்கலாம் என்று 1883இல் மான்செஸ்டரில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் காட்டினார். குழாயில் அந்த எண் 2,300ஐ ஒட்டித் தாண்டும்போது கொந்தளிப்பு தலைகாட்டும். மேலே சொன்ன இம்பெல்லரில் விளிம்பின் வேகத்தையும் விட்டத்தையும் கொண்டு கணக்கிட்டால் அது ஏறத்தாழ 18 லட்சம். மிகச் சிறிய சுழல்வரை எதையும் விடாமல் கணக்கிட வேண்டுமானால், தேவைப்படும் புள்ளிகளின் எண்ணிக்கை ரெனால்ட்ஸ் எண்ணின் இரண்டேகால் அடுக்காக உயரும். இங்கே அது ஒரு கோடி கோடியைத் தொடும். எந்தப் பம்பு நிறுவனமும் அந்தக் கணக்கில் இறங்க முடியாது.

ஆகவே ரெனால்ட்ஸே 1895இல் காட்டிய வழியில், ஓட்டத்தின் சராசரியை மட்டும் கணக்கிட்டு, கொந்தளிப்பின் விளைவைத் தனியொரு மாதிரியால் ஈடுசெய்கிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரையன் ஸ்பால்டிங்கின் குழு 1970களில் உருவாக்கிய முறைகளே இத்துறையின் அடித்தளம். லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974இல் நிலைப்படுத்திய கே–எப்சிலான் மாதிரியில் 0.09, 1.44, 1.92 போன்ற மாறிலிகள் உண்டு. அவை இயற்கை விதியிலிருந்து நேராக வந்தவை அல்ல. எளிய ஓட்டங்களில் எடுத்த அளவீடுகளோடு பொருந்துமாறு தேர்ந்தவை. பம்பின் வளைந்து சுழலும் பாதைக்கும் அதே எண்கள் பெரும்பாலும் ஒத்துவருவது உண்மையில் வியப்புக்குரியது. இலைப்பரப்பை விட்டு நீர் பிரியும் இடங்களை இதைவிட நன்றாகக் காட்டும் எஸ்.எஸ்.டி. மாதிரியை 1994இல் புளோரியன் மென்டர் தந்தார். இன்று பம்பு வடிவமைப்பில் பெரும்பாலும் கையாளப்படுவது அதுவே.

அழுத்தத்தையும் வேகத்தையும் மாறிமாறித் திருத்தித் தீர்வை நோக்கிச் செல்லும் சிம்பிள் என்ற கணிப்பு முறையை 1972இல் ஸ்பால்டிங்கோடு வெளியிட்டவர் சுஹாஸ் பதாங்கர். புனே பொறியியல் கல்லூரியிலும் பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் படித்தவர். அவர் 1980இல் எழுதிய பாடநூலைத் தொடாமல் இத்துறைக்குள் வந்தவர்கள் குறைவு.

ஆறரை இஞ்ச் போருக்குள்

கொங்குப் பகுதியில் வழக்கமான போரின் விட்டம் ஆறரை இஞ்ச். அதற்குள் இறங்க வேண்டிய பம்பின் இம்பெல்லரை விருப்பப்படி பெரிதாக்க முடியாது. ஓர் இம்பெல்லரும் அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் பவுலும் சேர்ந்தது ஒரு ஸ்டேஜ்; ஒரு ஸ்டேஜுக்கு 12.8 மீட்டர் ஹெட் என்றால், 150 மீட்டருக்கு 12 ஸ்டேஜ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கணினியில் பொதுவாக ஒன்றிரண்டு ஸ்டேஜ்களை மட்டும் வரைந்து, வலைக்கண்களாகப் பிரித்துக் கணக்கிட்டு, விடையைப் பெருக்கிக்கொள்கிறார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. முதல் ஸ்டேஜுக்குள் நீர் சுழற்சியில்லாமல் நுழைகிறது. அடுத்தவற்றுக்கு முந்தைய ஸ்டேஜின் பவுல் மீதம்விட்ட சுழற்சியோடு வருகிறது. அதனால் ஒரு ஸ்டேஜில் அரை மீட்டர் கூடுதலாகக் கணித்தாலும் 12 ஸ்டேஜில் 6 மீட்டர் பிசகும்.

சுழலும் இம்பெல்லரையும் நிற்கும் பவுலையும் ஒரே கணக்கில் சேர்க்க இரு வழிகள். இம்பெல்லரை ஒரு நிலையில் உறையவைத்ததாகக் கொண்டு சுழற்சி விசைகளை மட்டும் சேர்ப்பது விரைவானது. வலையையே நொடிக்கு நொடி சுழற்றுவது மெதுவானது, ஆனால் நடப்புக்கு நெருக்கமானது. பம்பு அதன் உச்சத் திறனில் ஓடும் இடத்தில் முதல் வழியே போதும். ஹெட் சில விழுக்காட்டுக்குள் பொருந்திவிடும். நீர் குறைந்து ஓடும் நிலையில் ஓட்டம் இலையை விட்டுப் பிரிந்து, இம்பெல்லரின் வாய்க்கே திரும்பி வரும். அங்கே எளிய மாதிரியை நம்ப முடியாது.

மென்பொருள் விலை சிறு பட்டறைகளுக்கு நெடுங்காலம் எட்டாத உயரத்தில் இருந்தது. 2004இல் ஓப்பன்ஃபோம் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தபின் அந்தத் தடை பெருமளவு விலகியது. மிஞ்சியிருப்பது ஆள் பற்றாக்குறை. கணக்கின் விடையை வண்ணப்படமாக எடுக்கத் தெரிந்தவர்கள் நிறையக் கிடைக்கிறார்கள். வலையை இருமடங்கு நுணுக்கினால் விடை மாறுகிறதா என்று பார்க்கும் பொறுமையுள்ளவர்கள்தாம் குறைவு.

மாதிரியில் இல்லாதவை

கணினியில் இலைப்பரப்பு வழவழப்பானது. மணலில் வார்த்த இரும்பு இம்பெல்லரின் உட்பாதையைக் கடைய முடியாது. மணலின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். உருகிய வார்ப்பிரும்பு குளிரும்போது ஏறத்தாழ ஒரு விழுக்காடு சுருங்கும். பேட்டர்னில் அதற்கு இடம் விட்டாலும், உட்பாதையை உருவாக்கும் கோர் சற்று நகர்ந்தால் ஒரு பாதை அகன்று அடுத்தது குறுகும். நீர் வெளியேறும் வாயின் அகலமே சில மில்லிமீட்டர்தான் என்பதால், அரை மில்லிமீட்டர் பிசகு கணினியில் பாடுபட்டுச் சேர்த்த திறனைத் தின்றுவிடும். அச்சில் வார்க்கும் பிளாஸ்டிக் இம்பெல்லர்களும், தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இம்பெல்லர்களும் மாதிரிக்கு நெருக்கமாக நடந்துகொள்வது இதனால்தான். இம்பெல்லரின் வெளித்தகடுகள் நீரில் உராயும் இழப்பையும், வளைய இடைவெளி வழியே திரும்பிக் கசியும் நீரையும் பல கணக்குகள் விட்டுவிடுகின்றன. சிறிய பம்புகளில் இவை புறக்கணிக்கக்கூடியவை அல்ல.

மின்சாரமும் மாதிரிக்கு வெளியே நிற்கிறது. கிராமத்து மின்பாதையின் கடைசியில் வோல்டேஜ் தாழ்ந்து, மோட்டாரின் வேகம் 2,880இலிருந்து 2,750க்கு இறங்கினால், இருமடி விதிப்படி ஹெட் ஒன்பது விழுக்காடு குறையும். 150 மீட்டர் 137 ஆகும். வயலில் அதன் பொருள், வரும் தண்ணீர் கண்கூடாகக் குறைவது.

அளவீடும் அளவுகோலும்

மாதிரி சொன்னது சரியா என்று தீர்ப்பளிப்பது டெஸ்ட் பெட். தொட்டியிலிருந்து நீரைச் சுற்றவிட்டு, வால்வைப் படிப்படியாக மூடி, ஒவ்வொரு நிலையிலும் நீரளவு, அழுத்தம், மின்திறன் மூன்றையும் குறிப்பார்கள். சப்மெர்சிபிள் பம்புகளுக்கு ஐ.எஸ். 8034, தரைமேல் வைக்கும் மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079 என இந்தியத் தரநிலைகள் உண்டு. தொழில்முனைவோரின் கூட்டு முயற்சியில் கோவையில் உருவான சிட்டார்க் ஆய்வுமையம், சொந்தமாகப் பெரிய சோதனை வசதி இல்லாத பட்டறைகளுக்கும் இந்த அளவீட்டைச் செய்துதருகிறது. எரிசக்தித் திறன் வாரியம் பம்புசெட்டுகளுக்கு நட்சத்திரக் குறியீடும் வழங்குகிறது.

நட்சத்திரத்துக்கு வயலில் எவ்வளவு மதிப்பு என்பது வேறு கேள்வி. 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை விவசாயிகள் மின்கட்டணப் பிரச்சினைக்காக மாட்டுவண்டிகளோடு நகரத்துக்குள் இறங்கினர். பிற்பாடு தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் இலவசமானது. அதன் சமூக நியாயம் இங்கே விவாதப்பொருள் அல்ல. ஆனால் 150 மீட்டரிலிருந்து நொடிக்கு ஒன்றரை லிட்டர் ஏற்றும் செட்டின் மொத்தத் திறன் 45இலிருந்து 50 விழுக்காடானால் ஏறத்தாழ அரை கிலோவாட் மிச்சமாகும். அந்த மிச்சம் மின்வாரியத்துக்குப் போகிறது, பம்பு வாங்கியவருக்குத் தெரிவதே இல்லை. அவருக்குத் தெரிவது மோட்டார் எரிந்ததா, தண்ணீர் வந்ததா என்பது மட்டுமே.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வடிவமைப்பாளர் கணினியில் உச்சத் திறனைத் துரத்துகிறார். தரநிலைச் சோதனையும் பெயர்ப்பலகையும் பெரும்பாலும் அந்த ஒரு புள்ளியையே முன்னிறுத்துகின்றன. போரின் நீர்மட்டமோ ஐப்பசி மழைக்குப் பின் ஓர் இடத்திலும் சித்திரையில் வெகு கீழேயும் நிற்கும். உச்சம் இரண்டு புள்ளி குறைந்தாலும், திறன் வரைகோடு அகலமாகப் படுத்திருக்கும் பம்புதான் இந்த மண்ணுக்கு ஏற்றது. அந்த அகலத்தைக் கணக்கிட மெதுவான மாதிரியும் கூடுதல் கணினி நேரமும் வேண்டும். கணினித் திறன் மலிந்துவிட்ட இக்காலத்தில் அதைச் செய்யாதிருக்கக் காரணமில்லை. பம்பு வாங்குபவரும் பலகையிலுள்ள ஒற்றை ஹெட்டைப் பார்த்து முடிவெடுக்காமல், டெஸ்ட் பெட்டில் அளந்த முழு வரைகோட்டைக் கேட்டு வாங்கி, தன் போரின் கோடைக்கால மட்டம் அதில் எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.